ஐந்தாம் பக்கத்துக் கேள்வி

ஜூன் 5, திங்கள்

புதிய பயிற்சி வகுப்பு இன்று தொடங்கியது. ஒன்பது பேர். இவர்களில் ஆறேழு பேர் இரண்டு மாதத்துக்குள் ஓடிவிடுவார்கள். கோவில்பட்டி கிளையில் ஏழு ஆண்டுகளாகப் புது ஏஜெண்டுகளுக்குப் பாடம் எடுக்கிறேன், எனக்குத் தெரியாதா?

மேலாளர் ஞானதுரை சார் குத்துவிளக்கு ஏற்றிவிட்டு, "ஜெயக்கொடி மேடத்துகிட்ட தாக்குப் பிடிச்சிட்டீங்கன்னா, எமன்கிட்டயே பாலிசி வித்துருவீங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. முதல் நாள் சிரித்தால் அப்புறம் யாரும் பயப்பட மாட்டார்கள்.

மதியம் விண்ணப்பங்களைச் சரிபார்த்தேன். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற பால்பாண்டி என்றொருவர், செல்போன் கடை வைத்து நொடித்த ஒருவர், இரண்டு இல்லத்தரசிகள். ஆறாவது விண்ணப்பம்: உ. முத்துமீனா, வயது இருபத்து மூன்று, பி.காம். தந்தை பெயர் உச்சிமாகாளி. தந்தையின் தொழில், லாரி எடை மேடையில் எழுத்தர்.

இந்த ஊரில் உச்சிமாகாளி என்ற பெயரில் பத்துப் பேர் இருக்கலாம். எடை மேடையில் சீட்டு எழுதுகிறவன் ஒருவன்தான்.

கடைவாய்ப் பல் வலிக்கிறது. கிராம்பு வைத்திருக்கிறேன்.

ஜூன் 6, செவ்வாய்

வேறு யாரிடமும் சொல்ல முடியாது. இங்கே எழுதி வைக்கிறேன்.

என் வீட்டுக்காரர் பொன்ராஜ் நூற்பாலையில் ஃபிட்டர். பத்து ஆண்டுகளுக்கு முன்பு அவருக்கு ஆயுள் காப்பீடு போட எங்கள் வீட்டுக்கு வந்தவன் இந்த உச்சிமாகாளி. அப்போது வேறொரு கம்பெனியின் ஏஜெண்ட். கதர்ச் சட்டை, தோல் பை, வாய் நிறைய 'அம்மா'. பாலிசி போட்ட பதினாலாம் மாதம் ஆலை வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த என் வீட்டுக்காரர் எழுந்திருக்கவில்லை. கம்பெனியிலிருந்து விசாரிக்க வந்தார்கள். அவருக்கு நான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை இருந்தது என்று ஆஸ்பத்திரிக் காகிதங்களில் இருந்தது. படிவத்தின் ஐந்தாம் பக்கத்தில் 'சர்க்கரை நோய் உண்டா?' என்ற கேள்விக்கு எதிரே 'இல்லை' என்று எழுதியிருந்தது. உச்சிமாகாளியின் கையெழுத்தில். நோயை மறைத்துவிட்டீர்கள், பாலிசி செல்லாது என்று கடிதம் வந்தது.

அவன் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. அப்படித்தான் புகாரில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவனுடைய ஏஜென்சி போயிற்று.

எனக்கு அது போதவில்லை. இளையரசனேந்தல் சாலையில் அந்த எடை மேடையைத் தாண்டி வேண்டுமென்றே பலமுறை நடந்திருக்கிறேன். தூசியில் உட்கார்ந்து சீட்டு எழுதுவான். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். வீடு வந்து சேர்வதற்குள் அது தீர்ந்துவிடும்.

இப்போது மகளை அவனே அனுப்பியிருக்கிறான்.

ஜூன் 7, புதன்

நான்கு நாளைக்குப் பிறகு குழாயில் தண்ணீர் வந்தது. பன்னிரண்டு குடம் மாடிக்குத் தூக்கினேன். தோள் கழன்றுவிட்டது.

வகுப்பில் இன்று நடிப்புப் பயிற்சி. ஒருவர் ஏஜெண்ட், ஒருவர் வாடிக்கையாளர். முத்துமீனாவை எழுப்பினேன். ஒல்லி. இரட்டைப் பின்னல் போட்டிருந்தால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை என்பார்கள். நான் வாடிக்கையாளராக உட்கார்ந்தேன்.

"எங்க வீட்டுக்காரரு செத்தப்போ உங்கள மாதிரி ஒரு ஆளுதான் என்னை நடுத்தெருவுல விட்டான். நீ மட்டும் யோக்கியமா?"

மற்றவர்கள் நெளிந்தார்கள். இந்த இடத்தில் புதியவர்கள் எல்லோருக்கும் வாய் கட்டிவிடும். அவள் நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

"நான் யோக்கியம்னு நீங்க நம்ப வேண்டாம்மா. நான் எழுதுறதை வரி வரியா வாசிச்சுக் காட்டுறேன். தப்பா இருந்தா உங்க கையாலயே அடிங்க. அப்புறமா கையெழுத்துப் போட்டாப் போதும்."

பால்பாண்டி கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். பத்துக்கு நான்கு கொடுத்தேன். குரல் எழும்பவில்லை என்று காரணம் சொன்னேன்.

ஜூன் 9, வெள்ளி

களப்பயிற்சி. மற்றவர்களுக்குக் கடைவீதியும் பேருந்து நிலையமும். அவளுக்குத் தீப்பெட்டி ஆலை வாசல், பன்னிரண்டு மணிக்கு. நாற்பது பெயரும் தொலைபேசி எண்ணும் இல்லாமல் திரும்பக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன். அங்கே வேலைக்கு வருகிறவர்கள் ஏஜெண்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அந்த வாசலில் நிழலும் கிடையாது.

மூன்றரைக்கு வந்தாள். முகம் சுட்ட கத்தரிக்காய் மாதிரி இருந்தது. ஒரு செருப்பு அறுந்து, அதைக் கையில் பிடித்திருந்தாள். ஐம்பத்திரண்டு பெயர்.

"எப்படி வாங்குன?"

"சாப்பாட்டு நேரத்துல உள்ள விட்டாங்க மேடம். அவங்க சாப்பிடுறப்போ தண்ணி ஊத்திக் குடுத்தேன்."

ஐம்பத்திரண்டையும் கூப்பிட்டுப் பார்த்தேன். மூன்று எண்கள் தவறு. அந்த மூன்றுக்காக எல்லோர் முன்பும் பத்து நிமிடம் பேசினேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும் என்று நினைத்தேன். இருந்தது.

ஜூன் 14, புதன்

டீ இடைவேளையில் அவளாகவே பக்கத்தில் வந்தாள்.

"மேடம், எங்கப்பாவும் ஏஜெண்டா இருந்தாக."

"அப்படியா? ஏன் விட்டுட்டாரு?"

"தப்புப் பண்ணிட்டேன்னு மட்டும் சொல்லுவாக. என்ன தப்புன்னு கேட்டா எந்திரிச்சு வெளிய போயிருவாக. நான் இதுல சேரக் கூடாதுன்னு பத்து நாளு என்கூடப் பேசல. நாந்தான் பிடிவாதமா வந்தேன். எங்கப்பா பேரு எதுல கெட்டுச்சோ அதுலயே எடுக்கணும்."

டீ ஆறிப்போயிற்று. கீழே ஊற்றிவிட்டேன்.

அவன் அனுப்பவில்லை. இவளாக வந்திருக்கிறாள். இரண்டும் எனக்கு ஒன்றுதான்.

அந்தக் கேள்வியை அன்று அவன் வாசித்திருக்கவும் கூடும். நான் அடுப்படியில் இருந்தேன். அடுப்படியில் எல்லாமா காதில் விழும்?

ஜூன் 17, சனி

பல் டாக்டர் ஊரில் இல்லை. ரசம் சாதம்.

ஜூன் 24, சனி

தேர்வு முடிவு வந்துவிட்டது. ஒன்பதில் ஆறு பேர் தேறியிருக்கிறார்கள். முத்துமீனா முதல். இந்தக் கிளையில் இதுவரை யாரும் இவ்வளவு வாங்கியதில்லை என்று ஞானதுரை சார் பிளாஸ்டிக் மாலை போட்டுப் படம் எடுத்தார். அவளுடைய ஏஜென்சி எண் வந்துவிட்டது. பிறகு என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"அடுத்த பேட்சுக்கு இந்தப் பிள்ளையை உங்களுக்கு உதவியாப் போட்டுருவோமா மேடம்? நீங்களும் எத்தனை நாளைக்குத் தனியாக் கத்துவீங்க?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இவ்வளவு உயரத்துக்கு ஏறியிருக்கிறாள். நல்லதுதான். கீழே இருப்பவளைத் தள்ளி என்ன ஆகப் போகிறது?

ஜூலை 3, திங்கள்

முத்துமீனாவின் முதல் படிவம் இன்று என் மேஜைக்கு வந்தது. புது ஏஜெண்டுகளின் படிவங்களை நான் பார்த்த பிறகுதான் மேலே அனுப்புவார்கள். லாரிப் பட்டறை வைத்திருக்கும் ஒருவருடைய படிவம். ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. ஐந்தாம் பக்கத்தில் சர்க்கரை நோய்க் கேள்விக்கு 'ஆம், மூன்று ஆண்டுகளாக' என்று எழுதி, மாத்திரையின் பெயரும் போட்டு, டாக்டர் சீட்டின் நகலையும் பின்னால் குத்தியிருந்தாள்.

"அவரு சர்க்கரையை எழுத வேண்டாம்னுதான் சொன்னாரு மேடம். மதுரைக்கு டெஸ்டுக்கு அலையணுமேன்னு சலிச்சுக்கிட்டாரு. நான் ஒரு மணி நேரம் பேசிச் சம்மதிக்க வச்சேன்."

"ஒரு மணி நேரமா?"

"ஆமா மேடம். நாளைக்கு அவங்க வீட்டம்மா கஷ்டப்படக் கூடாதுல்ல."

போகச் சொன்னேன். வாடிக்கையாளரின் கையெழுத்து கடைசிப் பக்கத்தில் மட்டும்தான் இருக்கிறது. நடுப்பக்கங்களில் கிடையாது. இது இந்தப் படிவத்தில் உள்ள பெரிய குறை. மேலிடத்துக்கு நானே இரண்டு முறை எழுதியிருக்கிறேன்.

ஜூலை 4, செவ்வாய்

ஐந்தாம் பக்கத்தை மாற்றினேன். அவளுடைய எழுத்து உருண்டையானது, கடினமாக இல்லை. டாக்டர் சீட்டையும் எடுத்துவிட்டேன்.

பழைய பக்கத்தைக் கிழித்துப் போடத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கிழிக்கவில்லை. பீரோவில் சேலைகளுக்கு அடியில் இருக்கிறது.

தோசை மாவு புளித்துவிட்டது. தூர ஊற்ற வேண்டியதாயிற்று.

ஜூலை 6, வியாழன்

முடிந்தது.

காலையில் வாரக் கூட்டத்துக்கு, தேறாதவர்கள் உட்பட எல்லோரும் வகுப்பறையில் இருக்கும்போது, ஞானதுரை சாரையும் வரச் சொல்லி, சரிபார்ப்புக்காக அந்தப் பட்டறைக்காரரைப் போனில் கூப்பிட்டேன். ஒலிபெருக்கியில் போட்டேன். "சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்டேன். "ஆமா, மூணு வருசமா. அந்தப் பிள்ளகிட்டச் சொன்னேனே" என்றார். பிறகு ஐந்தாம் பக்கத்தை ஞானதுரை சாரிடம் நீட்டினேன். 'இல்லை.'

"என்னம்மா இது?"

"நான் ஆமான்னுதான் சார் எழுதுனேன். சீட்டுகூடக் குத்தியிருந்தேன்."

"எழுத்து உன் எழுத்துதான?"

காகிதத்தை வாங்கி வெகு நேரம் பார்த்தாள். "என் எழுத்து மாதிரிதான் இருக்கு சார். நான் எழுதல."

அப்போது நான் சொன்னேன். பத்து ஆண்டுகளாக என் வாயில் இருந்தது அது. "அப்பா செஞ்ச திருட்டை அப்படியே செஞ்சிருக்க. இதுக்காகத்தான் அவருக்கு ஏஜென்சி போச்சு, தெரியுமா? ஒரு பொம்பளை தாலியறுத்து நின்னா. அதே கேள்வி. அதே பதில். திருட்டுக் குடும்பம்."

அவள் அழவில்லை. என்னைப் பார்த்தாள். எனக்கு எப்படித் தெரியும் என்று நினைத்திருப்பாள். ஞானதுரை சார் அவளுடைய எண்ணை நிறுத்தி வைக்கச் சொன்னார். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பால்பாண்டி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியம் பிரியாணி வாங்கிச் சாப்பிட்டேன். பல் வலிக்கவில்லை.

ஜூலை 7, வெள்ளி

நன்றாக இருக்கிறேன்.

ஜூலை 10, திங்கள்

உச்சிமாகாளி அலுவலகத்துக்கு வந்திருந்தார்.

சாப்பாட்டு நேரம். வகுப்பறையில் நான் மட்டும் இருந்தேன். வாசலிலேயே நின்றார். தலை முழுக்க நரைத்துவிட்டது. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து நானும் எழுந்து நின்றேன்.

"மேடம் பேரு என்னன்னு பிள்ளகிட்டக் கேட்டேன். ஜெயக்கொடின்னா. அப்பவே தெரிஞ்சுபோச்சு" என்றார்.

"தெரிஞ்சா என்ன? உங்க மக செஞ்சதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

"அவ செய்யலம்மா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்."

வெளியே யாரோ வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார்கள், கிளம்பவில்லை. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அன்னைக்கு விசாரணையில உங்க மச்சினரு உங்க பக்கத்துலயே உக்காந்திருந்தாரு. 'சர்க்கரை உண்டான்னு கேட்டீரா'ன்னு ஆபீசர் கேட்டாரு. நீங்க என்னைப் பாக்கவே இல்ல. தரையப் பாத்துக்கிட்டிருந்தீங்க. 'நான் கேட்டேன், வீட்டம்மாதான் இல்லன்னு போடச் சொன்னாக'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அதுக்கப்புறம் அந்த வீட்டுல உங்கள இருக்க விட்டிருப்பாகளா? அவர் சாவுக்கு அழுதுக்கிட்டு இருந்த நேரம். நான் கேக்கலன்னு சொல்லிட்டேன். எழுதுன கை என்னுதுதான? நீங்க சொன்னாலும் நான் எழுதியிருக்கக் கூடாது. அந்தத் தண்டனை எனக்குச் சரிதான்."

மேஜையில் கிடந்த பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டினேன்.

"இதை எம் பிள்ளகிட்ட இன்னைக்கு வரைக்கும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். 'அப்பா, என்ன திருட்டுப் பண்ணுன'ன்னு நாலு நாளாக் கேக்கா. சோறு திங்க மாட்டேங்கா. என்னைய என்ன வேணாலும் சொல்லுங்கம்மா. அவளை விட்டுருங்க."

கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஜூலை 11, செவ்வாய்

யார் கேட்டார்கள் அவருடைய இரக்கத்தை? நானா கேட்டேன்? பத்து ஆண்டுகளாக என்னை அவருக்குக் கடமைப்பட்டவளாக வைத்துக்கொண்டு, தூசியில் நல்லவராக உட்கார்ந்திருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். என் மச்சினர் அடித்துத் துரத்தியிருப்பார். போயிருப்பேன்.

அவர் முகத்தில் ஒரு கோபமாவது இருந்திருக்கலாம்.

வகுப்பு எடுக்கவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 13, வியாழன்

பல்லைப் பிடுங்கியாயிற்று. வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பேச முடியாது, எழுதலாம்.

அன்று நான் அடுப்படியில் இல்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து பயறு உரித்துக்கொண்டிருந்தேன். உச்சிமாகாளி ஒவ்வொரு கேள்வியாக வாசித்தார். சர்க்கரை உண்டா என்று வந்தபோது என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். சர்க்கரை என்று எழுதினால் மதுரைக்குப் போய் ரத்தம் கொடுக்க வேண்டியிருக்கும், ஒரு நாள் ஆகும் என்றார் உச்சிமாகாளி. வருகிற வாரம் என் தங்கை மகளுக்குச் சடங்கு. எனக்கு ஆயிரம் வேலை. நான் சொன்னேன்: "மாத்திரை ஒண்ணுதான போடுறாரு, அதெல்லாம் ஒரு நோயா? இல்லன்னே போடுங்க."

அவர் தயங்கினார். "எழுதிருவோம்மா, பின்னால வம்பு" என்றார். நான் சிரித்துக்கொண்டே, "உங்களுக்குப் பாலிசி வேணுமா வேண்டாமா?" என்றேன்.

பத்து ஆண்டில் இதை முதல் முறையாக எழுதுகிறேன். அவர் கேட்கவில்லை என்று அவ்வளவு முறை சொல்லியிருக்கிறேன். சொல்லிச் சொல்லி அது எனக்கே நடந்தது மாதிரி ஆகிவிட்டது. அவரைப் பார்க்கும்போது மட்டும் ஆகவில்லை. இந்த உலகத்தில் அதைக் கேட்ட இன்னொரு ஆள் அவர் ஒருவர்தான். அதனால்தான் அவர் எடை மேடையில் உயிரோடு உட்கார்ந்திருந்ததே எனக்குப் பொறுக்கவில்லை.

ஜூலை 14, வெள்ளி

சேலைக்கு அடியிலிருந்து பக்கத்தையும் டாக்டர் சீட்டையும் எடுத்து ஞானதுரை சார் மேஜையில் வைத்தேன். நான்தான் மாற்றினேன் என்றேன்.

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "மேடம், இதை ஏன் என்கிட்டக் கொண்டாந்தீங்க? ஏதோ ஆபீஸ்ல பேப்பர் மாறிப்போச்சுன்னு நான் முடிச்சுவிடுறேன். பிள்ளைக்கு எண்ணைத் திரும்பக் குடுத்துருவோம். உங்களுக்கும் ஒண்ணும் வராது."

"மாறல சார். மாத்துனேன். அப்படியே எழுதுங்க."

"வேலை போயிரும் மேடம்."

"தெரியும்."

அவர் முத்துமீனாவுக்குப் போன் செய்து வரச் சொன்னார். ஒரு மணி நேரத்தில் வந்தாள். ஒரு வாரத்தில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அவளுடைய பக்கத்தை அவளிடம் கொடுத்தேன். பார்த்ததும் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"ஏன் மேடம்?"

பத்து ஆண்டுக் கதையைச் சொன்னேன். பயறு உரித்தது வரைக்கும். அவளுடைய அப்பா எனக்காகப் பொய் சொன்னதையும் சொன்னேன். அவர் சொல்ல மாட்டேன் என்றாரே தவிர, நான் சொல்லக் கூடாது என்று கேட்கவில்லை.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது கையைக் காட்டித் தடுத்தாள்.

"வேண்டாம் மேடம். நான் மன்னிக்க மாட்டேன். எங்கப்பா வேணா மன்னிப்பாக. நான் அவுக இல்ல."

"சரி."

"ரூமுக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டுச் சொன்னா ஆச்சா? அத்தனை பேரு முன்னாடி திருட்டுக் குடும்பம்னு சொன்னீங்க. அதே ஆளுங்க முன்னாடி சொல்லணும். எங்கப்பாவும் இருக்கணும்."

ஞானதுரை சார், "எதுக்கும்மா, இவ்வளவு பெரிசா..." என்று தொடங்கினார்.

"திங்கட்கிழமை சொல்றேன்" என்றேன்.

ஜூலை 17, திங்கள்

நீலப் புடவை கட்டிக்கொண்டு போனேன். இஸ்திரி போட நேரமில்லை.

எல்லோரும் வந்திருந்தார்கள். தேறாத மூவரையும் அவள் போன் செய்து வரவழைத்திருந்தாள். உச்சிமாகாளி பின்வரிசையில் சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தார். வர மாட்டேன் என்றவரை இழுத்து வந்திருக்கிறாள். முத்துமீனா முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

ஏழு ஆண்டுகளாக நின்று பேசுகிற இடம். பல் பிடுங்கிய இடத்தில் நாக்குப் போய்ப் போய் வந்தது. ஐந்தாம் பக்கத்தை மாற்றியது நான் என்றேன். முத்துமீனா உண்மையைத்தான் எழுதினாள் என்றேன். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இருந்ததை மறைக்கச் சொன்னது நான், உச்சிமாகாளி அண்ணன் வேண்டாம் என்றார், அவர்மேல் பொய்ப் புகார் கொடுத்து அவருடைய தொழிலைக் கெடுத்தவளும் நான் என்றேன். பொன்ராஜின் பெயரைச் சொன்னபோது மட்டும் குரல் உள்ளே போய்விட்டது.

உச்சிமாகாளி அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "போதும் பிள்ள, விடு" என்று மகளைப் பார்த்துச் சொன்னார்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் இருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. பத்து ஆண்டுகளாக நான் எடை மேடையைத் தாண்டிப் போனபோது என் கண்ணில் இருந்தது அதுதான். இவளுடையது சரியான ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கடைசியாச் சொன்னது பின்னாடி உள்ளவங்களுக்குக் கேக்கல" என்றாள். "இன்னொரு தடவை சொல்லுங்க."

முதலிலிருந்து சொன்னேன்.